வர்ணத்தின் அடியில்

இரும்பைப் பற்றும் நோய்க்குத் துரு என்று பெயர். செம்பையும் பித்தளையையும் பற்றுவதற்குக் களிம்பு என்று பெயர். இவ்விரு சொற்களும் நம் மொழியில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியவை என்பதற்கு, ஆன்மாவை அநாதியாகப் பற்றியிருக்கும் ஆணவ மலத்தை விளக்கப் புகுந்த சைவ சித்தாந்த ஆசிரியர்கள் செம்பிற் களிம்பையே உவமையாக எடுத்தாண்டார்கள் என்ற ஒன்றே போதிய சான்றாகும். ஆனால் அலுமினியத்துக்கு வரும் நோய்க்கு நம்மிடம் தனிப்பெயர் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறந்து, இருபதாம் நூற்றாண்டில் நம் அடுக்களைக்குள் நுழைந்த உலோகம் அது. பெயர் சூட்டும் அளவுக்கு அதனோடு நாம் பழகவில்லை என்றும் சொல்லலாம், அதற்கு நோயே வராது என்று நம்பிவிட்டோம் என்றும் சொல்லலாம். பின்னதே உண்மைக்கு நெருக்கமானது என்று எனக்குத் தோன்றுகிறது. "அலுமினியம் துருப்பிடிக்காது" என்று பாத்திரக் கடைக்காரர் முதல் மோட்டார் வண்டி விற்பவர் வரை எல்லோரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். வார்த்தையளவில் அது பொய்யும் அன்று. துரு என்பது இரும்புக்கே உரியது. இரும்பில்லாத இடத்தில் துரு ஏது? ஆயினும், அலுமினியத் தகடு போர்த்த ஒரு வண்டியின் கதவோரத்தில், வர்ணப்பூச்சு முதலில் ஊசிமுனையளவு தடித்து, பிறகு மிளகளவாகி, அப்புறம் அம்மைக் கொப்புளங்களைப்போலக் கூட்டமாய்ப் பரவி, ஒரு நாள் நகம் பட்ட மாத்திரத்தில் உடைந்து, உள்ளிருந்து உப்புப் பூத்த சுவரிலிருந்து உதிர்வதுபோல வெண்பொடி உதிரக் கண்டவர்களுக்கு அந்த வாக்கியம் எவ்வித ஆறுதலும் அளிக்காது.

அந்த வெண்பொடி எங்கிருந்து வந்தது என்பதை அறிய வேண்டுமானால், முதலில் அலுமினியத்தின் சுபாவத்தை அறிய வேண்டும். சாந்தமான உலோகம் என்று நாம் நினைக்கும் அது, உண்மையில் பிராணவாயுவின்மீது இரும்பைக் காட்டிலும் எத்தனையோ மடங்கு மோகமுடையது. இந்த மோகத்தினாலேயே, பூமியின் மேலோட்டில் மற்றெல்லா உலோகங்களையும்விட அதிகமாக நிறைந்திருந்தும், அதை மண்ணிலிருந்து பிரித்தெடுக்க மனிதனுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை இயலவில்லை. டென்மார்க் தேசத்து ஊர்ஸ்டெட் 1825-இல் சிறிதளவு கண்டார். 1884-இல் வாஷிங்டன் நகரத்து நினைவுத் தூணின் உச்சிக்குச் சிறியதோர் அலுமினியக் கூம்பை வார்த்துச் சூட்டியபோதுகூட அது அபூர்வப் பொருளாகவே இருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹாலும் பிரான்ஸில் பால் எரூவும், ஒருவரையொருவர் அறியாமலே, மின்சாரத்தைக் கொண்டு அதை மலிவாகப் பிரிக்கும் ஒரே வழியைக் கண்டுபிடித்தார்கள். இருவரும் பிறந்தது 1863. இருவரும் இறந்தது 1914. சோதிடர்கள் இந்தத் தற்செயலை இன்னும் கண்டுகொள்ளாதது வியப்பு.

இவ்வளவு மோகமுள்ள உலோகம் காற்றில் வைத்த மறுகணமே கரைந்து போகாமல் பாத்திரமாகவும் விமானமாகவும் நிலைத்திருப்பதற்குக் காரணம், அந்த மோகமே அதற்குக் கவசமாகவும் ஆகிவிடுவதுதான். புதிதாகத் தேய்த்த அலுமினியத்தின்மீது காற்றுப் பட்டதும், கண்ணிமைக்கும் நேரத்தில், பிராணவாயுவும் அலுமினியமும் சேர்ந்த ஆக்ஸைடு என்னும் மென்தோல் ஒன்று படர்ந்துவிடுகிறது. அதன் கனம் மூன்று அல்லது நான்கு நானோமீட்டர். தலைமயிர் ஒன்றின் பருமனை இருபதாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு. இரும்பின் துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து உள்ளிருக்கும் இரும்பை மேலும் மேலும் காற்றுக்குக் காட்டிக் கொடுப்பதுபோல் அன்றி, இத்தோல் உலோகத்தை இறுகப் பற்றிக்கொண்டு, கீறினால் உடனே தன்னைத்தானே தைத்துக்கொள்கிறது. ஆனால் அமிலமும் காரமும் இத்தோலைக் கரைக்கும். அலுமினியப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைக்கக்கூடாது என்று நம் வீட்டுப் பெண்கள் ரசாயன சாஸ்திரம் படிக்காமலே அறிந்திருந்தது இதைத்தான். அமிலத்தையும் காரத்தையும்விட வஞ்சகமான எதிரி சாதாரணச் சோற்றுப்பு. அதிலுள்ள குளோரைடு, தோல் முழுவதையும் கரைப்பதில்லை. பலவீனமான ஒரு புள்ளியைத் தேடிப் பிடித்து, அங்கே துளையிட்டு, அந்தத் துளை மறுபடி மூடிக்கொள்ளாதபடி காவல் இருக்கிறது.

மோட்டார் வண்டிக்கு அலுமினியச் சட்டை அணிவித்த கதைகளில் மிகவும் பிரசித்தமானது லாண்ட்ரோவரின் கதை. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த இங்கிலாந்தில் எஃகு பங்கீட்டில் இருந்தது. விமானத் தொழிற்சாலைகளுக்கென்று பெருக்கிய அலுமினியமோ கேட்பாரற்று மிகுந்திருந்தது. ரோவர் கம்பெனியின் மாரிஸ் வில்க்ஸ், ஆங்கிள்ஸித் தீவிலிருந்த தம் நிலத்தில் யுத்தத்தில் கழித்துவிட்ட ஜீப் ஒன்றை ஓட்டிப் பார்த்து, அதைப்போல் தாமே ஒன்று செய்யலாம் என்று எண்ணி, அதன் உருவத்தைக் கடற்கரை மணலில் கோடிட்டுக் காட்டினார் என்பது அவ்வண்டியைப் பற்றி வழங்கும் ஐதிகம். 1948 ஏப்ரல் 30-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் மோட்டார்க் கண்காட்சியில் அது உலகுக்கு அறிமுகமாயிற்று. சட்டம் எஃகு, என்ஜினுக்கும் ஆசனங்களுக்கும் நடுவேயுள்ள தடுப்பு எஃகு, மேலே போர்த்த தகடுகள் மட்டும், மக்னீஸியம் சிறிதளவு கலந்த, பர்மாப்ரைட் என்ற அலுமினியக் கலவை. அந்தக் கலவை உப்பங்காற்றைத் தாங்குவதில் மிகச் சிறந்தது. தனியே நின்றிருந்தால் அதற்கு நம் அனுதாபம் தேவைப்பட்டிராது. ஆனால் கதவுகளில் எஃகினால் ஒரு சட்டகம் செய்து, அதன்மீது அலுமினியத் தகட்டைப் போர்த்து, ஓரங்களைப் புடவை ஓரம் மடித்துத் தைப்பதுபோல் எஃகின்மேல் மடித்து அழுத்தியிருந்தார்கள். அந்த மடிப்பில்தான் வினை விளைந்தது. பிற்காலத்தில் டிஃபெண்டர் என்று பெயர் மாறி, 2016 ஜனவரி 29 வரை ஸாலிஹல் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அதன் வழித்தோன்றல்களிலும், கதவின் கீழ்விளிம்பு கொப்புளிப்பது அவ்வண்டியை வளர்ப்போர் யாவரும் அறிந்த குடும்ப ரகசியம்.

இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, உப்புநீரில் நனைந்திருந்தால், அங்கே ஒரு மின்கலம் பிறக்கிறது. கால்வானியின் மேசைமேல் செத்த தவளையின் கால் துடித்ததற்கும், வோல்ட்டா 1800-இல் அடுக்கிக் காட்டிய உலோக வட்டுகளிலிருந்து மின்சாரம் பாய்ந்ததற்கும் அடிப்படை இதுவே. அக்கலத்தில், பிராணவாயுவின்மீது மோகம் மிகுந்த உலோகம் தன்னைக் கரைத்துக்கொள்கிறது. மோகம் குறைந்தது அதன் செலவில் சுகமாக வாழ்கிறது. எஃகும் அலுமினியமும் சேருமிடத்தில் கரைவது அலுமினியம். குளிர்காலத்தில் பனி உறையாதிருக்க இங்கிலாந்தின் சாலைகளில் செஷயர் சுரங்கங்களிலிருந்து வெட்டியெடுத்த பாறையுப்பைக் கொட்டுகிறார்கள். அது கரைந்து தெறித்து, கதவின் மடிப்புக்குள் ஏறி, வெளியேற வழியின்றித் தங்கிவிடுகிறது. கலத்துக்கு வேண்டிய மூன்றும், இரு உலோகங்களும் உப்புநீரும், அங்கே கூடிவிடுகின்றன.

இந்த உண்மையை மனிதன் கடலில் வைத்துத்தான் முதலில் கற்றான். பிரிட்டிஷ் கடற்படையின் அலாரம் என்னும் போர்க்கப்பலுக்கு, மரத்தைத் துளைக்கும் புழுக்களிலிருந்து காப்பதற்காக, 1761-இல் அடிப்பாகம் முழுவதும் செப்புத் தகடு அறைந்தார்கள். மேற்கிந்தியக் கடல்களில் உழன்று திரும்பிய கப்பலை 1763-இல் பரிசோதித்தபோது, செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பாணிகள் பல உளுத்துப்போயிருந்தன; சிற்சில ஆணிகள் மட்டும் புத்தம் புதிதாக இருந்தன. காரணம் பார்த்தால், தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதத்தை எவனோ ஒரு சோம்பேறித் தச்சன் கிழித்தெறியாமல் அதோடு சேர்த்தே ஆணி அடித்திருக்கிறான். இரும்புக்கும் செம்புக்கும் நடுவே அந்தக் காகிதம் புகுந்துகொண்ட இடங்களிலெல்லாம் ஆணி பிழைத்திருந்தது. இரு உலோகங்களைச் சேர்க்குமிடத்தில் நடுவே ஒரு தடையைப் போடு என்று இன்று பொறியியல் நூல்கள் விதிப்பதும், போல்ட்டுகளுக்கு அடியில் நைலான் வளையம் இடுவதும், மடிப்புகளில் பசையை நிரப்புவதும் அந்தத் தச்சனின் சோம்பலுக்கு நாம் செலுத்தும் காணிக்கையே.

இதிலே புத்திசாலிகளும் தவறு செய்யும் ஓர் இடம் உண்டு. எஃகும் அலுமினியமும் சேருமிடத்தில் ஒன்றுக்குத்தான் வர்ணம் பூசலாம் என்று ஒரு நிபந்தனை ஏற்பட்டால் எதைப் பூசுவீர்கள்? அரிபடுவது அலுமினியம் ஆயிற்றே, அதைப் பூசுவதுதானே நியாயம் என்றே எவரும் சொல்வார்கள். அது பெரும் பிழை. பூசிய அலுமினியத்தில் ஒரே ஒரு சிறு கீறல் விழுந்தாலும், பூசாத எஃகின் பரப்பு முழுவதும் தூண்டிவிடும் அரிப்பு அத்தனையும் அந்த ஒரு கீறலில் குவிந்து, அதை விரைவில் துளையாக்கிவிடும். எஃகைப் பூசிவிட்டாலோ, அரிப்பைத் தூண்டுவதே அடங்கிப்போகிறது. ஆகவே திருட்டைத் தடுக்க விரும்புவோர் பறிகொடுப்பவனைக் கட்டிப்போடுவதில் பயனில்லை. லாண்ட்ரோவரின் ஆதி வண்டிகளில் வெளியே தெரிந்த எஃகுப் பட்டைகளுக்குத் துத்தநாகம் பூசியிருந்ததும் இவ்விஷயத்தில் நன்மையே. மின்குணத்தில் துத்தநாகம் எஃகைவிட அலுமினியத்துக்கு இணக்கமான அண்டைவீட்டுக்காரன்.

இனி, எஃகின் சம்பந்தமே கண்ணுக்குத் தெரியாத இடத்தில், தகட்டின் நட்ட நடுவில், வர்ணம் கொப்புளிப்பதற்கு வருவோம். இது தனிப்பட்ட ஒரு நோய். வர்ணத்தை மெல்ல உரித்து உருப்பெருக்கியால் பார்த்தால், மழை பெய்த மறுநாள் தோட்டத்து மண்ணில் மண்புழு ஊர்ந்த தடங்களைப்போல, அரை மில்லிமீட்டர் அகலங்கூட இல்லாத இழைகள் நாலாபக்கமும் ஓடியிருப்பதைக் காணலாம். ஷார்மன் என்பவர் 1944-இல் அரக்குப்பூச்சு பூசிய எஃகுத் தகடுகளில் இதை விவரித்தார். அலுமினியமும் இதற்கு இரையாகும் என்பது பின்னர் தெளிவாயிற்று. இழை அரிப்பு என்று இதைச் சொல்லலாம். ஒவ்வோர் இழைக்கும் தலையும் வாலும் உண்டு. தலையில் அமிலத்துளி ஒன்று இருக்கிறது. அதன் புளிப்பு எலுமிச்சைச் சாற்றுக்குக் குறைந்ததன்று. அந்த அமிலம் முன்னேயிருக்கும் ஆக்ஸைடுத் தோலைக் கரைத்து, வர்ணத்தை உலோகத்திலிருந்து பெயர்த்துக்கொண்டு நகர்கிறது. பின்னேயிருக்கும் வால், கரைந்த அலுமினியம் நீரோடு சேர்ந்து ஹைட்ராக்ஸைடாகி உலர்ந்த வெண்பொடி. அந்தப் பொடியின் நுண்துளைகள் வழியாகத்தான் தலைக்கு வேண்டிய பிராணவாயு உள்ளே வருகிறது. தலையின் முன்புறத்தில் பிராணவாயு குறைவு, பின்புறத்தில் அதிகம் என்ற இந்த வித்தியாசமே அதை ஓட்டும் விசை. ஆக, இந்த ஜந்து தன் வாலால் சுவாசித்துத் தலையால் தின்கிறது.

இதில் இன்னொரு விநோதம்: ஓர் இழை மற்றோர் இழையின் தடத்தைக் குறுக்கே கடப்பதில்லை என்றே சொல்லலாம். ஏற்கெனவே தின்று முடித்த பாதையில் தலைக்கு வேண்டிய நிலைமை இல்லாததால், அதை நெருங்கியதும் திரும்பி வேறு திசையில் ஓடுகிறது. திரும்ப இடமின்றி இரு தடங்களுக்கிடையே சிக்கினால் அங்கேயே செத்தும் போகிறது. இவ்வளவு கட்டுப்பாடுள்ள ஜந்துவாயிற்றே என்று நாம் மெச்சிக்கொண்டிருக்கும்போதே அது வண்டியின் அழகைக் கெடுத்து முடித்துவிடும். ஏனெனில், ஒரு கன அளவு அலுமினியம் ஹைட்ராக்ஸைடாக மாறினால் அது ஏறக்குறைய மூன்று பங்கு இடத்தை அடைக்கிறது. வெளியேற வழியில்லாத அந்தப் பெருக்கமே வர்ணத்தை மேலே தூக்கிக் கொப்புளமாக்குகிறது. இதற்கு வெள்ளம்போல நீர் தேவையில்லை. காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல் இருந்து, தொடக்கத்தில் ஒரு துளி உப்பு மட்டும் கிடைத்தால் போதும். வர்ணம் பூசுமுன் தகட்டைத் தடவிப் பார்த்த கைவிரலின் வியர்வைகூட அந்தத் துளி உப்பைத் தந்துவிடும்.

உப்பு விளைக்கும் அரிப்பைப் பற்றிய ஆராய்ச்சிக்கு நம் நாட்டில் வாய்த்த இடம் பொருத்தமானது என்று இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். லாண்ட்ரோவர் ஆம்ஸ்டர்டாமில் தோன்றிய அதே 1948-இல், ஜூலை மாதம், அழகப்பச் செட்டியார் கொடையளித்த நிலத்தில், காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். அந்நிலையத்தார் உலோகங்களை மண்டபம் கடற்கரையின் உப்புக்காற்றில் வைத்து, அவை எவ்வளவு அரிபடுகின்றன என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். கடற்காற்றுக்கு எதிரில் உலோகத்தை வைத்துக் காத்திருப்பதைவிட நேர்மையான பரிசோதனை வேறில்லை.

கொப்புளத்துக்கு மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு. அதுவே பழுதுபார்ப்பவர்களுக்கு மிகவும் முக்கியமானது. அமெரிக்காவில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் விற்பனையான பல ஃபோர்டு வண்டிகளின் அலுமினியப் பானெட்டுகள், முன் விளிம்பில் வரிசையாகக் கொப்புளித்தன. 2004-இல் அக்கம்பெனி தன் பழுதுபார்ப்போருக்கு அனுப்பிய சுற்றறிக்கை, திரும்பி வந்த பாகங்களைச் சோதித்ததில், வர்ணம் பூசுவதற்கு முன்பே அலுமினியத்துக்குள் பதிந்துவிட்ட இரும்புத் துகள்களே காரணம் என்று தெரியவந்ததாகக் கூறியது. எஃகைத் தேய்த்த சக்கரம், எஃகைச் சுரண்டிய தூரிகை, பக்கத்தில் எஃகை அரைத்தபோது பறந்த பொறி, இவற்றில் எதிலிருந்தும் அந்தத் துகள் வரலாம். அலுமினியம் மென்மையான உலோகம். துகள் அதில் விதைபோல் பதிந்து, வர்ணம் அதன்மேல் மூடி, நாளடைவில் ஈரம் இறங்கியதும் முளைவிடுகிறது. லாண்ட்ரோவரின் கதவில் பெரிதாக நடந்தது இங்கே அணுவளவில் நடக்கிறது. 2015-ஆம் ஆண்டுக்கான எஃப்-150 வண்டிக்கு முழு உடலையும் அலுமினியத்தில் செய்து, எடையில் முந்நூறு கிலோ வரை குறைத்தபோது, அதைப் பழுதுபார்க்கும் பட்டறைகள் திரையிட்டுத் தனியிடம் ஒதுக்கித் தனிக் கருவிகள் வைத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். மற்றொரு காரணம் உயிரைப் பற்றியது. அலுமினியத் தூசி காற்றில் மிதந்தால் வெடிக்கக்கூடும். இரும்புத் துருவின் பொடியோடு கலந்து தீப்பற்றினால், தண்டவாளங்களைப் பற்றவைக்கப் பயன்படும் தெர்மிட் கலவையே பட்டறைத் தரையில் எரியும்.

இப்போது சிகிச்சை. கொப்புளத்தை உடைத்து, மேலாகச் சுரண்டி, பட்டி வைத்து, வர்ணம் அடித்துக் கொடுத்துவிடும் வழக்கத்தைப் பற்றி நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அது நோயாளியைப் போர்வையால் மூடி வைப்பது. இழையின் தலை கொப்புளத்தின் அடியில் இல்லை. கொப்புளம் முடிந்த இடத்துக்கு அப்பால், இன்னும் வழவழப்பாகத் தோன்றும் வர்ணத்தின் கீழ் அது ஏற்கெனவே முன்னேறியிருக்கும். ஆகவே பளபளக்கும் உலோகம் நாலாபக்கமும் தெரியும் வரை, கண்ணுக்கு ஆரோக்கியமாகத் தோன்றும் பகுதியிலும் ஓரளவு சேர்த்து, வர்ணத்தை நீக்கியாக வேண்டும். காஸ்டிக் சோடா கலந்த வர்ண நீக்கி இதற்கு ஆகாது. காரம் அலுமினியத்தையே உண்ணும். குழிகளில் வெண்பொடி ஒரு துணுக்கும் மீந்திருக்கக் கூடாது. தேய்ப்பதற்கு நம் பட்டறைகளில் உப்புத்தாள் என்பார்கள். பெயரில் உப்பிருந்தாலும் தாளில் உப்பில்லை என்பது நல்ல காலம். அலுமினியம் ஆக்ஸைடுத் துகள் ஒட்டிய புதுத்தாளாகவும், எஃகை ஒருபோதும் தொடாததாகவும் அது இருக்க வேண்டும். எஃகு நார் கூடவே கூடாது. தூரிகை வேண்டுமானால் துருப்பிடிக்காத எஃகினால் ஆனது, அதுவும் அலுமினியத்துக்கென்றே ஒதுக்கி வைத்தது. ஓங்கி அழுத்தித் தேய்ப்பதும் தவறு. முரட்டுத் தேய்ப்பில் உலோகத்தின் மேற்படலம் கசங்கி நுண்ணமைப்பு மாறுகிறது. இழை அரிப்பு அந்தக் கசங்கிய படலத்தில் விருப்பத்துடன் ஓடுவதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

தேய்த்தபின் சுத்தமான தின்னரால் துடைத்து, வெறுங்கையால் தொடாமல், உலோகத்தின் மேல்தோலையே ரசாயனத்தால் மாற்றி வர்ணம் பற்றிக்கொள்ளும்படி செய்யும் ஒரு திரவத்தைப் பூச வேண்டும். நெடுங்காலம் இதற்குக் குரோமேட்டே சிறந்ததாக இருந்தது. சிறு கீறல்களைத் தானாகவே ஆற்றும் குணங்கூட அதற்கு உண்டு. ஆனால் அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோயை உண்டாக்குவது நிச்சயமானதால், ஸிர்க்கோனியம், டைட்டேனியம், மூன்று இணைதிறன் குரோமியம் ஆகியவற்றைச் சேர்ந்த பூச்சுகள் அதன் இடத்துக்கு வந்துவிட்டன. அதன்மேல் எபாக்ஸிப் பிரைமர், அப்புறம் பட்டி வேண்டுமானால் பட்டி, அப்புறம் வர்ணம். தேய்ப்பதற்கும் பிரைமருக்கும் நடுவில் இரவு ஒன்று குறுக்கிட்டால், மறுநாள் காலை மறுபடியும் தேய்ப்பதே புத்திசாலித்தனம். தகட்டின் மடிப்புக்குள் அரிப்பு புகுந்து, விளிம்பு பிஸ்கட்டைப்போல் உதிரத் தொடங்கிவிட்டிருந்தால், வைத்தியம் பேசிக் காலத்தைப் போக்காமல் கதவையோ பானெட்டையோ மாற்றிவிடலாம். உள்மடிப்பை முழுவதும் சுத்தம் செய்தேன் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. கதவின் அடியில் நீர் வடிவதற்கென்று விட்டிருக்கும் துவாரங்களைச் சேறு அடைக்காமல் வைத்திருந்தால், பெரும்பாலும் அந்த நிலை வராது.

உங்கள் வண்டியின் அலுமினியக் கதவை வர்ணம் பூச ஒருவரிடம் ஒப்படைக்கும்போது, என்ன வர்ணம், என்ன விலை என்று கேட்பதற்கு முன்னால், அவர் கையிலிருக்கும் தூரிகை இதற்குமுன் எந்த உலோகத்தைத் தேய்த்தது என்று கேளுங்கள்.